போவதா, இருப்பதா

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் மலை இரண்டு இடங்களில் இறங்கியது. அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து சிறிபுர, எலங்கபிட்டிய, பள்ளேபாகே கிராமங்களின் மேல் விழுந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர். அதே மழையில் புளத்கொஹுபிட்டிய பக்கம் களுபஹன தோட்டத்தில் லயக்காம்பராக்கள் மண்ணுக்குள் போயின. அங்கே 16 பேர் புதையுண்டதாகச் செய்திகள் வந்தன. பிறகு றோனு என்று பெயர் பெற்ற புயல் அப்போது கடலில் திரண்டுகொண்டிருந்தது. அரநாயக்கப் பகுதியில் மூன்று நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது.

செத்தவர்களை எண்ணி முடித்த பிறகு உயிரோடு இருந்தவர்களிடம் ஒரு கேள்வி வைக்கப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சரிவுகளைப் பரிசோதித்து, எந்த வீடு அபாயத்தில் நிற்கிறது என்று அடையாளமிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் வேறு இடம் போக வேண்டும். வீடு கட்ட அப்போது 12 இலட்சம் ரூபாய். அரசு காணி தராவிட்டால் காணிக்கென்று இன்னும் 4 இலட்சம். எங்கே போவது, யாரோடு போவது, போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது குடும்பத்தின் கையில்.

இப்படியொரு முடிவை மனிதர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொருளியலும் உளவியலும் கடந்த ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவருகின்றன. கல்யாணம், பிரிவு, ஊர் மாறுதல், பிள்ளையைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்புதல், தாய் வெளிநாட்டு வேலைக்குப் போதல் என வாழ்க்கையையே திருப்பிப்போடும் முடிவுகளுக்கெல்லாம் அந்த ஆய்வுகள் பொருந்தும். கேகாலையின் தோட்டங்களில் வைத்து அவற்றைப் பார்க்கும்போது அவற்றின் பலமும் தெரிகிறது, குறையும் தெரிகிறது.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று. மழை இரவில் வீட்டைவிட்டு ஓடுவது ஒரு முடிவு. வீட்டை நிரந்தரமாக விடுவது வேறொரு முடிவு. முதலாவதற்கு அளவுகோல் இருக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரையறுத்திருக்கிறது. ஒரு மழைமானி இருந்தால் லயத்து வாசலிலேயே இதை அளந்துவிடலாம். தெளிந்து வந்த ஊற்றுநீர் திடீரென்று கலங்குவது, சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு ஓடுவது, நேராக நின்ற மரம் சாய்வது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். இரண்டாவது முடிவுக்கு அப்படி மில்லிமீட்டர் எதுவும் கிடையாது.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்குவதில்லை. மலை இறங்கும் என்று சொன்ன பிறகும் சனம் ஏன் அங்கேயே இருக்கிறது? அறியாமை என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயமான பேச்சு.

1979இல் டானியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒரு பொருளை இழப்பதால் வரும் வலி, அதே மதிப்புள்ள பொருளைப் பெறுவதால் வரும் மகிழ்ச்சியைவிடப் பெரியது; பிந்திய கணக்கீடுகளின்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு. கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கோட்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. சாமுவெல்சன், செக்ஹவுசர் என்ற இருவர் 1988இல் இதோடு சேர்த்து இன்னொன்றைக் காட்டினார்கள். எதையும் மாற்றாமல் விடுவதும் ஒரு தெரிவாக இருக்கும்போது, மற்றத் தெரிவுகள் நல்லவையாக இருந்தாலும் மனிதர்கள் இருப்பதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த அளவுகோலை யட்டியாந்தோட்டையிலோ தெரணியகலயிலோ ஒரு லயத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். அங்கிருந்து போனால் எதை இழப்போம் என்ற பட்டியல் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறது. தோட்டத்தில் பதிந்த பேர், அந்தப் பேரோடு வரும் காம்பரா, சேமலாப நிதி, காம்பராவுக்குப் பின்னால் போட்ட மரக்கறிப் பாத்தி, மாடு கட்டும் பட்டி, கடனுக்குச் சாமான் தரும் கடை, ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் அம்மன் கோயில், அவசரத்துக்கு ஓடிவரும் அடுத்த காம்பராக்காரர். போனால் என்ன கிடைக்கும் என்பதோ ஒரு வாக்குறுதியாகத்தான் நிற்கிறது. “இங்க இருந்தா பேராவது இருக்கு, அங்க போயி என்ன செய்றது?” என்ற கேள்வியில் மூடத்தனம் எதுவும் இல்லை. கிராமத்து விவசாயி போகும்போது பழைய காணியை வைத்துக்கொள்ளவோ விற்கவோ வழி இருக்கலாம். நாலு தலைமுறை ஒரே காம்பராவில் இருந்த தோட்டக் குடும்பத்துக்கு விற்க ஒன்றுமில்லை. உறுதிப் பத்திரம் எதுவும் அவர்கள் பெயரில் இருந்ததில்லை. இழப்பு அச்சத்தை வெறும் மனக்கோளாறு என்று எழுதும் பாடப்புத்தகங்கள், இழந்தால் திரும்பிச் சம்பாதிக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

சரி, போனவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள்? இதை ஆராய்வது கடினம். துணிச்சல், படிப்பு, பணம், சொந்தக்காரர் துணை ஏதோ ஒன்று இருப்பவர்தான் பெரும்பாலும் போகிறார். அவர் பின்னாளில் நன்றாக இருந்தால், அது போனதால் வந்ததா, முதலிலேயே இருந்ததால் வந்ததா என்று பிரிக்க முடியாது. யார் போக வேண்டும், யார் இருக்க வேண்டும் என்பதை மனித விருப்பம் அல்லாத ஒன்று தீர்மானித்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஐஸ்லாந்தில் அப்படி நடந்தது. தெற்குக் கரைக்கு அப்பால் ஹெய்மாய் என்றொரு சிறு தீவு. 1973 ஜனவரி 23ஆம் திகதி அதிகாலையில் ஊரின் ஓரத்தில் தரை பிளந்து எரிமலை வெடித்தது. காற்று மோசமாக இருந்ததால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நின்றிருந்தன. ஐயாயிரம் பேரளவில் இருந்த ஊர் முழுதும் சில மணி நேரத்தில் படகேறித் தப்பியது. எரிமலை ஜூலைத் தொடக்கம்வரை குமுறியது. அது அடங்கியபோது ஊரின் மூன்றிலொரு பங்கு வீடுகள் எரிமலைக் குழம்புக்கடியில் போயிருந்தன, மற்றவை சாம்பலைத் துடைத்தால் குடியிருக்கும் நிலையில் இருந்தன. குழம்பு எந்தத் தெருவில் ஓடியது என்பதற்கும் அந்த வீட்டுக்காரரின் குணத்துக்கும் சம்பந்தமில்லை. வீடு தப்பியவர்கள் பெரும்பாலும் திரும்பினார்கள். வீட்டை இழந்தவர்களுக்கு அரசு நட்டஈடு கொடுத்தது. அவர்களில் பலர் திரும்பவில்லை.

எமி நக்கமுரா, யோசெப் சிகுர்ட்சன், யோன் ஸ்டெய்ன்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள் இந்த இரு பகுதியினரையும் பல பத்தாண்டுகளுக்குப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வீடழிந்ததால் வெளியேறியவர்களில் அப்போது 25 வயதுக்குக் கீழே இருந்தவர்கள், திரும்பிப்போய் வளர்ந்தவர்களைவிட வெகுவாகக் கூடுதல் வருமானம் பெற்றார்கள். படிப்பும் பல ஆண்டுகள் கூடியிருந்தது. அவர்களுடைய பெற்றோருக்கோ வருமானம் கூடவில்லை, சற்றே குறைந்தது.

இதில் வியப்பான செய்தி, ஹெய்மாய் ஏழை ஊர் அல்ல என்பதுதான். மீன்பிடியில் நல்ல காசு புழங்கிய ஊர். ஆனால் அங்கே பிறந்த பிள்ளைக்கு மீனைத் தவிர வேறு வழி குறைவு. கடலில் கைதேர்ந்த பிள்ளைக்கு அந்த ஊர் சொர்க்கம். கணக்கிலோ சட்டத்திலோ மருத்துவத்திலோ தேறக்கூடிய பிள்ளைக்கு அது மூடிய கதவு. ஊர் நல்லதா கெட்டதா என்பதைவிட, ஒரே தொழில் உள்ள ஊர் அந்தந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கொழுந்தும் றப்பர் பாலும் தவிர வேறொன்று இல்லாத தோட்டத்தைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்த விளக்கம் நேரே வந்து படும். அதுவும் ஹெய்மாயில் இருந்த வருமானம் இல்லாத தோட்டம் இது.

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய இன்னொரு பெரிய பரிசோதனையும் இதே திசையைக் காட்டுகிறது. ஐந்து நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த சில ஆயிரம் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில், வறுமை குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி கொடுத்தார்கள். ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த உதவியால் 13 வயதுக்கு முன்னே இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபோது, மாறாதவர்களைவிட ஏறக்குறைய 31 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்த நன்மை இல்லை. சற்றுப் பாதிப்புக்கூட இருந்தது. பெற்றோரின் வருமானம் இங்கேயும் கூடவில்லை.

ஆக, முடிவை எடுப்பவர் ஒருவர், அதன் பலனைக் காண்பவர் இன்னொருவர். தகப்பனும் தாயும் தங்கள் வாழ்க்கையை வைத்து நன்மை தீமையைப் பார்த்தால் போகாமல் இருப்பதே சரியாகத் தெரியும். அந்தக் கணக்கில் பிழையும் இருக்காது. ஐந்து வயதுப் பிள்ளையை நடுவில் வைத்துப் பார்த்தால் விடை மாறுகிறது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழருக்கு இது முதன்முறையாக வந்த கேள்வி அல்ல. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 975,000 பேரைப் பங்குபோட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு விண்ணப்பப் படிவம் வந்தது. எந்த நாடு என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுக்க வேண்டும். 1970இல் விண்ணப்பக் காலம் முடிந்தபோது இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய தொகையைப் போல இரண்டு மடங்கு இருந்தார்கள்; இந்தியாவைக் கேட்டவர்கள் 525,000ஐ எட்டவில்லை. பெரும்பாலான சனம் இருக்கவே விரும்பியது.

அப்படியிருந்தும் பலர் போனார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதும், 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்ததும், 1977இல் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டதும், 1981இல் இரத்தினபுரிப் பகுதியில் வீடுகள் எரிந்ததும் முடிவை அவர்களுக்காக எடுத்துவிட்டன. கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போலத் தொடர்ந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. அதனால் பயம் இங்கே இன்னும் கூடுதல். வவுனியா, கிளிநொச்சி என்று வடக்கே போனவர்கள் உண்டு. தலைமன்னாருக்கு ரயில் ஏறி, கப்பலில் இராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து இந்தியாவுக்குள் போனவர்கள் உண்டு. அந்த ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1984இல் கப்பல் நின்றது. அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டு என்று பிரிந்த பல குடும்பங்கள் அதற்குப் பிறகு சந்திக்க வழியில்லாமல் போயின.

போன பிள்ளைகளுக்கு ஹெய்மாய்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கிடைத்ததா? பலருக்குக் கிடைக்கவில்லை. காரணமும் தெளிவாகவே தெரிகிறது. தேயிலை தெரிந்தவர்களை நீலகிரிக்குக் கொண்டுபோய், தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்தெடுக்க வைத்தார்கள். றப்பர் தெரிந்தவர்களைக் கேரளத்தின் புனலூருக்கும் கர்நாடகத்தின் புத்தூர், சுள்ளியா பகுதிக்கும் கொண்டுபோய்ப் பால் வெட்ட வைத்தார்கள். கடல் மாறியது, நாடு மாறியது. தொழில் மாறவில்லை, லயம் மாறவில்லை. ஐஸ்லாந்தில் பலன் தந்தது இடமாற்றம் மட்டும் அல்ல, பிள்ளைக்குத் திறந்த வேறு கதவுகள். அந்தக் கதவு இல்லாத இடமாற்றம் சனத்தைத் தூக்கி வேறு மலையில் வைப்பதுதான். அரசுகள் செய்த இந்தத் தவறைக் குடும்பங்களின் தவறான முடிவு என்று இன்றும் பேசுவோர் இருக்கிறார்கள்.

முடிவெடுக்கும் நேரத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அது தமிழ்நாட்டில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் பக்கத்தில் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் நடத்தினார்கள். கரும்புக்காரருக்குப் பணம் வருவது வருடத்துக்கு ஒருமுறை, வெட்டிய பிறகு. வெட்டுக்கு முன் அடகும் கடனும், வெட்டுக்குப் பின் கையில் கொஞ்சம் காசும். ஆலை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வாரத்தில் வெட்டச் சொல்வதால், வெயிலோ மழையோ விடையைக் குழப்ப முடியாது. ஒரே விவசாயிக்கு இரண்டு தடவையும் வடிவப் புதிர்களும் கவனச் சோதனைகளும் கொடுத்தார்கள். காசில்லாத காலத்தில் அவருடைய மதிப்பெண் தெளிவாகக் குறைந்திருந்தது. 2013இல் சயன்ஸ் இதழில் இது வெளிவந்தது. இரண்டாம் தடவை எழுதும்போது வந்த பழக்கமும் மதிப்பெண்ணைக் கூட்டியிருக்கலாம் என்று பிறகு சிலர் வாதிட்டார்கள். விளைவின் அளவைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனாலும் கடன் கவலை மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதைக் கடன் பட்ட எவரும் ஒப்புக்கொள்வார்.

தோட்டத்தில் சம்பளம் பத்தாம் திகதியோடு ஒட்டி வருகிறது. முற்பணம், தீபாவளிக் கடன், கடைக் கடன், சங்கச் சந்தா எல்லாம் கழிந்து கைக்கு வருவது கொஞ்சம். மாத முதல் வாரத்தில், பாடசாலைக் கட்டடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்திடம், வாழ்நாள் முழுதும் எங்கே குடியிருக்கப் போகிறீர்கள் என்று எழுதிக் கையொப்பம் கேட்பது எவ்வளவு மோசமான நேரம் என்று அதிகாரிகள் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியை இரண்டு சம்பளம் தள்ளிக் கேட்டால் மலை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது, சனத்தைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொண்டு கேட்கும்வரை.

எதிர்ப்பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மனிதர்கள் தேவைக்கு அதிகமாகவே தயங்குகிறார்களா? சிக்காகோப் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் ஓர் இணையதளம் வைத்தார். வேலையை விடவா, உறவை முறிக்கவா என்று திண்டாடுகிறவர்கள் அங்கே போய் நாணயம் சுண்டலாம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுண்டல்கள் பதிவாயின. பூவோ தலையோ விழுந்ததைப் பலர் உண்மையாகவே பின்பற்றினார்கள். பெரிய விடயங்களில் மாற்றத்தைச் செய்தவர்கள், ஆறு மாதம் கழித்து, செய்யாதவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். இது கவனிக்கத்தக்க செய்தி. ஆனால் நாணயம் சுண்ட வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்ததால்தான் வந்தார்கள். விழுந்தால் பிடிக்க வேறு வேலையும் வேறு வீடும் அவர்களில் பலருக்கு இருந்திருக்கும். இதை எடுத்துக்கொண்டு தெஹியோவிட்டவில் றப்பர் வெட்டும் பெண்ணிடம், துணிந்து போங்கள் அம்மா என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பெண் எடுக்கும் இன்னொரு முடிவு மேற்கூறிய கணக்கைத் தலைகீழாக்குகிறது. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போகிறாள். இங்கே இடம் மாறுவது தாய், இருக்கும் இடத்திலேயே இருப்பது பிள்ளை. ஹெய்மாயிலும் அமெரிக்க நகரங்களிலும் பிள்ளை பெற்றோரோடு போனது. புதுப் பள்ளி, புது ஊர், கூடவே தாய். இங்கே காசு வருகிறது, தாய் இல்லை. சிறு குழந்தையுள்ள தாய் போவதைக் கட்டுப்படுத்த 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கையை அரசு கட்டாயமாக்கியது. தகப்பனுக்கு அப்படியொரு அறிக்கை கேட்கவில்லை. முடிவின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வருங்காலத்தைப் பற்றி நினைக்கும்போது மனம் செய்யும் ஒரு தவறும் உண்டு. குவாட்பாக், கில்பர்ட், வில்சன் ஆகியோர் 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், எல்லா வயதினரும் கடந்த பத்து வருடத்தில் தாங்கள் நிறைய மாறிவிட்டதாகவும் இனி வரும் பத்து வருடத்தில் அவ்வளவு மாறமாட்டோம் என்றும் சொன்னார்கள். ஐம்பது வயதுக்காரரும் அப்படியே. புது இடத்துக்குப் போனால் எனக்குப் பிடிக்காது என்று இன்று சொல்லும் ஆள், அங்கே பத்து வருடம் இருந்த பிறகு வேறு ஆளாக இருப்பார் என்பதை இன்றைய ஆளால் உணர முடிவதில்லை. இதற்கு அறிவுரை மருந்தாகாது. போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் ஓரளவு உதவும். புது இடத்தில் ஒரு மழைக்காலம் தங்கிப் பார்க்க, அதுவரை தோட்டத்தில் பேர் வெட்டுப்படாமல் இருக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டால், இழப்பின் பட்டியல் பாதியாகச் சுருங்கும். நாலைந்து காம்பராக்காரர் சேர்ந்தே போக இடம் ஒதுக்கினால் இன்னும் சுருங்கும். உறுதிப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கைக்கு வந்த பிறகே பழைய காம்பராவைக் கேட்டால், அந்தக் குடும்பம் நூற்றாண்டுக் கணக்கில் இல்லாத ஒன்றைப் பெற்றுக்கொண்டு போகும். தோட்டக் குடும்பங்களுக்குக் காணி தரும் திட்டங்கள் ஏட்டிலிருந்து இறங்கி நடக்கும் வேகம் இங்கேதான் முக்கியமாகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாடு முழுதும் சரிவுகளைக் கொண்டுவந்ததால், இந்தக் கேள்வி மறுபடி ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாசலுக்கு வந்திருக்கிறது. பிரதேச செயலகங்கள் விபரம் திரட்டும் படிவத்தில் சேதத்தின் மதிப்பு, காணியின் உரிமை, குடும்பத் தலைவரின் தொழில் எல்லாம் கேட்கப்படும். செட்டியின் ஆய்வு சொல்வதை மனத்தில் வைத்தால் முதல் கேள்வி வேறாக இருக்க வேண்டும்: வீட்டிலுள்ள கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது? புது இடத்திலிருந்து அந்தப் பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில் தமிழ்மொழிப் பாடசாலை இருக்கிறதா, அதில் உயர்தரம்வரை விஞ்ஞானமும் கணிதமும் இருக்கிறதா? இடமாற்றத்தின் பலன் பிள்ளைக்கு வயது கூடக்கூடக் குறைந்துகொண்டே போகிறது என்பதால், மூன்று வயதுப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு வீடு முதலில் கட்டப்பட வேண்டும், பதினாறு வயதுப் பிள்ளை உள்ள குடும்பத்துக்குச் சாதாரணதரப் பரீட்சை முடியும்வரை பழைய பாடசாலைக்குப் போய்வர பஸ் செலவு கொடுக்கப்பட வேண்டும்.